வெண்ணெய் யாருக்கு உணவு, யாருக்குப் பாரம்?

சில காலத்துக்கு முன்பு வன்னியில் மீள்குடியேறிய ஒரு கிராமத்தில், பால் சேகரிக்கும் இடத்துக்கு அருகே மரநிழலில் இருந்து விவசாயக் குடும்பங்களோடு பேசிக்கொண்டிருந்தோம். மாட்டுத் தீவனம், பாலின் விலை, கடன் என்று பேச்சுப் போய்க்கொண்டிருந்தது. அப்போது இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு தாய் கேட்டார்: “சுவாமி, வெண்ணெய் நல்லதோ கூடாதோ? மாமிக்குப் பிறெசரும் சீனியும். கொழுப்பைத் தொடக் கூடாது எண்டு கிளினிக்கிலை சொல்லிப்போட்டினம். அதாலை வீட்டிலை ஒருத்தருக்கும் வெண்ணெய், நெய் குடுக்கிறதில்லை. மூத்தவன் மெலிஞ்சுகொண்டு போறான். அவனுக்குக் குடுக்கலாமோ?”

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எமக்கு வாய் வரவில்லை. ஏனெனில் சில வருடங்களுக்கு முன் நாமே அச்சிட்டு வழங்கிய ஒரு துண்டுப்பிரசுரத்தில் “கொழுப்பைத் தவிர்ப்போம்” என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். யார் தவிர்க்க வேண்டும், எவ்வளவு தவிர்க்க வேண்டும், அதற்குப் பதிலாக எதை உண்ண வேண்டும் என்று ஒரு வரியும் அதில் இல்லை. அறுபது வயது நோயாளிக்குச் சொல்ல வேண்டிய புத்திமதியை ஆறு வயதுப் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டோம். அந்தத் தவறைத் திருத்தும் கடமை எமக்கு உண்டு. ஆகவேதான் இக்கட்டுரை.

வெண்ணெயில் என்ன இருக்கிறது?

வெண்ணெய் என்பது பாலிலுள்ள கொழுப்பைத் திரட்டி எடுத்தது. அதில் சுமார் 80 வீதம் கொழுப்பு. மிகுதியில் பெரும்பகுதி தண்ணீர். அதனை உருக்கித் தண்ணீரை வற்றச் செய்தால் கிடைப்பது நெய். அது ஏறத்தாழ முழுவதும் கொழுப்பே. 100 கிராம் வெண்ணெயில் 700 கலோரிக்குச் சற்றுக் கூடுதலான சக்தி உண்டு. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் வெண்ணெயில் 36 கலோரியளவு இருக்கும். விற்றமின் ஏ ஓரளவு உண்டு. புரதம் இல்லையென்றே சொல்லலாம். பாலின் கல்சியமும் புரதமும் மோரோடு போய்விடுகின்றன.

வெண்ணெயின் கொழுப்பில் அரைவாசிக்கு மேல் நிரம்பிய கொழுப்பு எனப்படும் வகை. குளிரில் கட்டியாகும் கொழுப்புகளில் இந்த வகை கூடுதலாக உண்டு. இது இரத்தத்தில் கெட்ட கொலஸ்ரறோலைக் கூட்டுகிறது. அந்தக் கொலஸ்ரறோல் இருதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களின் சுவரில் படிந்து, காலப்போக்கில் அவற்றை ஒடுக்குகிறது. இது பல தடவை பரிசோதித்து உறுதிசெய்யப்பட்ட உண்மை. வெண்ணெய் மேல் நாம் எவ்வளவு ஆசை வைத்தாலும் இதை மறைக்க முடியாது.

ஆனால் ஓர் உணவு நல்லதா கெட்டதா என்பதை அந்த உணவை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. உண்பவர் யார், எவ்வளவு உண்கிறார், அவருடைய கோப்பையில் வேறு என்ன இருக்கிறது என்பவற்றையும் பார்க்க வேண்டும். இதனை நன்கு விளக்கும் வரலாறு ஒன்று பின்லாந்து நாட்டில் உண்டு. அது எம்மைப் போன்ற விவசாயக் குடும்பங்களின் கதை.

வட கரேலியாவின் பாடம்

1939ஆம் ஆண்டுக்கும் 1944ஆம் ஆண்டுக்கும் இடையில் சோவியத் யூனியனுடன் நடந்த இரு போர்களின் முடிவில், பின்லாந்து தனது கரேலியா மாகாணத்தின் பெரும் பகுதியை இழந்தது. 4 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் ஊரையும் வயலையும் விட்டு இடம்பெயர்ந்தார்கள். 1945இல் கொண்டுவரப்பட்ட காணிச் சட்டத்தின்படி அவர்களுக்கு நாட்டின் ஏனைய பகுதிகளில் காணி வழங்கப்பட்டது. காட்டை வெட்டி, சிறு பண்ணைகள் அமைத்து, மாடு வளர்த்துப் பலர் மீண்டும் எழுந்தார்கள். இடம்பெயர்ந்தவனுக்கு ஒரு மாடு என்றால் என்ன என்பதை உங்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

கரேலியாவில் பின்லாந்தின் கையில் எஞ்சிய வடபகுதி ஏழை விவசாயிகளும் மரம் வெட்டும் தொழிலாளரும் வாழ்ந்த பகுதி. போர்க்காலத்தில் பங்கீட்டுக்குக் கிடைத்த வெண்ணெய், சமாதானம் வந்த பின் தாராளமாகக் கிடைத்தது. பாணில் தடிப்பாக வெண்ணெய், கொழுப்பு எடுக்காத பால், உப்பிட்ட இறைச்சி என்பனவே அன்றாட உணவு. மரக்கறியும் பழமும் அருமை. பட்டினியைக் கண்ட மக்கள் வயிறார உண்டதில் என்ன தவறு?

ஆனால் 1960களில் அங்கே ஒரு துயரம் வெளிப்பட்டது. நடுத்தர வயது ஆண்கள் இருதய நோயால் திடீர் திடீரென இறந்தார்கள். அமெரிக்க விஞ்ஞானி அன்செல் கீஸ் 1958இல் ஏழு நாடுகளில் தொடங்கிய ஆய்வில், கிழக்குப் பின்லாந்து ஆண்களே இருதய நோய்க்கு மிகக் கூடுதலாகப் பலியாவது தெரியவந்தது. அவர்கள் நாற்காலியில் இருந்து வேலை செய்தவர்கள் அல்லர். பனியில் நாள் முழுவதும் மரம் வெட்டியவர்கள். “உழைக்கிற உடம்புக்கு எதைத் தின்றாலும் செரிக்கும்” என்று எம்மவரிடையே ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு முழு உண்மையல்ல என்பதை அந்த மரம் வெட்டிகளின் மரணங்கள் காட்டின.

இன்னுமொரு விடயத்தையும் அந்த ஆய்வு காட்டியது. கிரேக்க நாட்டின் கிறீற் தீவு விவசாயிகளும் கொழுப்பைக் குறைவாக உண்டவர்கள் அல்லர். ஆனால் அவர்களது கொழுப்பு ஒலிவ் எண்ணெய். அவர்களிடையே இருதய நோய் மிகக் குறைவாக இருந்தது. அப்படியானால் கொழுப்பின் அளவு மட்டுமல்ல, கொழுப்பின் வகையும் முக்கியம் என்பது தெளிவாகிறது.

1971 தை மாதத்தில் வட கரேலியாவின் மக்கள் பிரதிநிதிகள் சேர்ந்து தங்கள் அரசாங்கத்திடம் உதவி கேட்டு மனுக் கொடுத்தார்கள். 1972இல் வட கரேலியாத் திட்டம் தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கிய பெக்கா புஸ்கா என்ற வைத்தியருக்கு அப்போது வயது 26. வைத்தியசாலைகளைக் கட்டுவதை விட வீட்டுச் சமையலை மாற்றுவதே வழி என்று அவர்கள் கண்டார்கள். ‘மார்த்தா’ என்ற பெண்கள் சங்கத்தினர் ஊரூராகக் கூடி, பழைய உணவுகளையே கொழுப்பும் உப்பும் குறைத்து, மரக்கறி கூட்டிச் சமைத்துக் காட்டினார்கள்.

பால் விற்று வாழும் விவசாயிகள் இதை இலகுவில் ஏற்கவில்லை. வெண்ணெயைக் குறை என்றால் அவர்களுடைய வருமானம் என்னாவது? அது நியாயமான கேள்வி. ஆகவே 1980களில் அங்கே இயல்பாக விளையும் காட்டுப்பழ வகைகளைத் தோட்டப் பயிராக்கிச் சந்தைப்படுத்த விவசாயிகளுக்கு உதவி செய்யப்பட்டது. குளிர் நாட்டில் விளையக்கூடிய எண்ணெய்க்கடுகு வகையும் பயிரிடப்பட்டு, அதன் எண்ணெய் வெண்ணெயின் இடத்துக்கு வந்தது. சுகாதாரப் புத்திமதி விவசாயியின் வயிற்றில் அடிக்காமல் இருந்தால்தான் நிலைக்கும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

விளைவு என்ன? 40 ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களின் இருதய நோய் மரணம் வட கரேலியாவில் 80 வீதத்துக்கு மேல் குறைந்தது. புகைத்தல் குறைந்ததும், உப்புக் குறைந்ததும், வைத்தியம் முன்னேறியதும் இதற்கு உதவின. எனினும் இரத்தத்தில் கொலஸ்ரறோல் குறைந்ததே இதில் பெரும் பங்கு வகித்தது என்று ஆய்வாளர் கணித்துள்ளார்கள்.

மாஜரின் தந்த ஏமாற்றம்

வெண்ணெய் கூடாது என்றதும் பல நாடுகளில் மக்கள் மாஜரினுக்குப் போனார்கள். 1869இல் பிரான்ஸ் நாட்டின் மெஜ்-மூரியே என்பவர், மூன்றாம் நெப்போலியன் மன்னன் அறிவித்த பரிசுக்காக, வெண்ணெய்க்குப் பதிலாக மலிவான ஒரு பொருளாக இதை உருவாக்கினார். அப்போது அது மாட்டுக் கொழுப்பில் செய்யப்பட்டது. பின்பு தாவர எண்ணெயோடு ஐதரசன் வாயுவைச் சேர்த்து அதைக் கட்டியாக்கும் முறை வந்தது. அது மலிவு, பழுதாகாது, தாவரத்திலிருந்து வருவதால் நல்லது என்றும் விளம்பரம் செய்தார்கள்.

ஆனால் 1990இல் நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் வேறொரு செய்தி சொன்னார்கள். எண்ணெயை அரைகுறையாக இப்படிக் கட்டியாக்கும்போது உண்டாகும் ‘ட்ரான்ஸ்’ கொழுப்பு கெட்ட கொலஸ்ரறோலைக் கூட்டுவதோடு, நல்ல கொலஸ்ரறோலைக் குறைக்கவும் செய்கிறது. அதாவது வெண்ணெயை விடவும் மோசமான ஒன்றை, வெண்ணெய்க்கு மாற்று என்று மக்கள் உண்டிருக்கிறார்கள். 2003இல் டென்மார்க் இதற்குச் சட்டத்தால் எல்லை விதித்தது. 2015இல் அமெரிக்கா இவ்வகை எண்ணெயை நீக்கத் தீர்மானித்தது. 2018இல் உலக சுகாதார ஸ்தாபனம் உலகம் முழுவதிலும் இதை ஒழிக்குமாறு கேட்டது. இன்று பல மாஜரின்கள் வேறு முறையில் தயாரிக்கப்படுகின்றன. ஆயினும் கடையில் வாங்கும்போது, உறையில் “பகுதியாக ஐதரசனேற்றப்பட்ட எண்ணெய்” என்று இருந்தால் அதைத் திரும்ப வைத்துவிடுவதே புத்தி. பேக்கரிப் பணிஸ், ரோல்ஸ், பிஸ்கட் வகைகளிலும் மலிவான கட்டிக் கொழுப்பு ஒளிந்திருக்கக்கூடும்.

மீண்டும் வெண்ணெய்க்கு நற்சாட்சியா?

2010இலும் 2014இலும் வெளிவந்த சில பெரிய மீளாய்வுகள், நிரம்பிய கொழுப்புக்கும் இருதய நோய்க்கும் தெளிவான தொடர்பைக் காண முடியவில்லை என்றன. உடனே “வெண்ணெய் குற்றமற்றது” என்ற ஆரவாரம் எழுந்தது. 2016இல் 6 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு, நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயால் இருதய நோய் கூடியதாகவும் இல்லை, குறைந்ததாகவும் இல்லை என்றது.

இந்த முரண்பாட்டைப் பார்த்து “விஞ்ஞானிகள் நாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்” என்று கைவிட்டுவிடக் கூடாது. விளக்கம் எளிது. ஒருவர் வெண்ணெயைக் குறைத்துவிட்டு அதற்குப் பதிலாகச் சீனித் தேநீரும் வெள்ளைப் பாணும் கூட்டினால், அவருக்கு ஒரு நன்மையும் இல்லை. அதே வெண்ணெயின் இடத்தில் நல்லெண்ணெய், கச்சான், மீன், பருப்பு என்பன வந்தால் நன்மை உண்டு. கோப்பையிலிருந்து எதை எடுத்தோம் என்பதோடு, அந்த இடத்தில் எதை வைத்தோம் என்றும் கேட்க வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலும், மொத்த உணவுச் சக்தியில் நிரம்பிய கொழுப்பு 10 வீதத்துக்கு மேற்படாதிருக்க வேண்டும் என்றே சொல்கிறது.

எமது கோப்பையில் என்ன இருக்கிறது?

10 வீதம் என்பது எவ்வளவு? நாளுக்கு 2000 கலோரி உண்ணும் ஒருவருக்கு அது சுமார் 22 கிராம் நிரம்பிய கொழுப்பு. ஒரு தேக்கரண்டி வெண்ணெயில் இருப்பது சுமார் இரண்டரைக் கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் இருப்பது 11 கிராமுக்குச் சற்றுக் கூட. கறிக்குப் பால் பிழிந்து, சம்பல் அரைத்து, தேங்காய் எண்ணெயில் பொரித்து உண்ணும் எமது வீடுகளில், வெண்ணெய் வருவதற்கு முன்பே அந்த அளவில் பெரும் பங்கு நிரம்பிவிடுகிறது. அதன் மேல் பாணுக்குத் தடிப்பாகப் பட்டர் பூசினால் அளவு மீறிவிடும். கடைப் பட்டரில் உப்பும் உண்டு. பிறெசர் உள்ளவருக்கு அது இன்னொரு பாரம்.

ஒருகாலத்தில் எமது முன்னோருக்கு இந்தக் கவலை இருக்கவில்லை. ஒரு கிலோ வெண்ணெய்க்குச் சுமார் 20 லீற்றர் பசுப்பால் வேண்டும். நாட்டு மாடு நாளுக்குத் தருவது ஒன்றிரண்டு லீற்றர். அதிலும் கன்றுக்கு விட்டு, பிள்ளைகளுக்குக் கொடுத்து, மிஞ்சியதை உறைய வைத்து, மத்தால் கடைந்து எடுத்தால் ஒரு சிறங்கை வெண்ணெய் கிடைக்கும். அது முழு வீட்டுக்கும் பங்கு. மாடே அளவை விதித்துவிட்டது. இன்று கடை இறாக்கை அளவு விதிப்பதில்லை. பணம்தான் விதிக்கிறது.

எமது நாட்டு வைத்தியசாலைகளில் மரணத்துக்கு முதற் காரணம் இருதய நோயே என்பதையும் மறக்கக் கூடாது. ஒருகாலத்தில் அது பட்டணத்து வசதியுள்ளவரின் நோய் என்று எண்ணினோம். இன்று கிராமத்து கிளினிக்குகளிலும் சலரோகமும் பிறெசரும் உள்ளவர்களின் வரிசை நீண்டிருக்கிறது. பல தடவை இடம்பெயர்ந்து, நிவாரணமாகக் கிடைத்த அரிசியும் மாவும் சீனியும் கொண்டு வருடக்கணக்கில் வாழ்ந்த மக்கள் நீங்கள். தோட்டமும் கிணறும் இல்லாத இடத்தில் கீரைக்கும் மரக்கறிக்கும் எங்கே போவது? அந்த நாட்களில் பழகிய உணவு இன்றும் பல வீடுகளில் தொடர்கிறது. ஒரே கூரையின் கீழ் பாட்டிக்குச் சலரோகமும் பேரனுக்கு நிறைக் குறைவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எமது கருத்து

எனவே அந்தத் தாயின் கேள்விக்கு இப்போது எம்மால் பதில் சொல்ல முடியும்.

மெலிந்த பிள்ளைக்கு வெண்ணெய் கொடுக்கலாம். சின்ன வயிறு ஒரு நேரத்தில் சிறிதளவே கொள்ளும். சோற்றிலும் மாவிலும் ஒரு கிராமுக்குரிய மாச்சத்து 4 கலோரி தந்தால், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. ஆறு மாதம் முடிந்து தாய்ப்பாலோடு வேறு உணவும் உண்ணத் தொடங்கிய குழந்தையின் குழைந்த சோற்றில் ஒரு தேக்கரண்டி வெண்ணெயோ நெய்யோ சேர்த்தால், கூடுதல் சோறு இல்லாமலே கூடுதல் சக்தி கிடைக்கும். முருங்கையிலை, பசளி, பூசணி, கரட் ஆகியவற்றில் விற்றமின் ஏ ஆக மாறும் சத்து உண்டு; அதை உடம்பு எடுத்துக்கொள்ளச் சிறிது கொழுப்புத் தேவை. வெண்ணெய் இல்லாவிட்டால் தேங்காய்ப் பாலும் நல்லெண்ணெயும் அந்த வேலையைச் செய்யும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உணவில் கொழுப்பைக் குறைக்கவே கூடாது. ஆனால் வெண்ணெய் மட்டும் பிள்ளையை வளர்க்காது. புரதத்துக்கு முட்டை, மீன், நெத்தலிக் கருவாடு, பயறு, பருப்பு வேண்டும். நிறை தொடர்ந்து குறைந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்ட வேண்டும்.

இருதய நோய், சலரோகம், கொலஸ்ரறோல் உள்ள பெரியவர்கள் வெண்ணெயையும் நெய்யையும் விலக்கி வைப்பது நல்லது. விசேட நாளில் ஒரு தேக்கரண்டியால் உலகம் கவிழ்ந்துவிடாது. ஆனால் அவர்கள் தேங்காயையும் பொரியலையும் சீனியையும் சேர்த்தே குறைக்க வேண்டும். வெண்ணெயை விட்டுவிட்டு மூன்று கரண்டி சீனியோடு தேத்தண்ணி குடிப்பது தன்னைத்தானே ஏமாற்றுவதாகும்.

நோயில்லாத, வெயிலில் வேலை செய்யும் பெரியவர்கள் சிறிதளவு உண்ணலாம். வட கரேலியாவின் மரம் வெட்டிகளை நினைவில் வைத்து, அளவோடு உண்ண வேண்டும்.

வீட்டில் வெண்ணெய் கடைபவர்கள் பாலைக் காய்ச்சிய பின்பே உறைய வைக்க வேண்டும். காய்ச்சாத பாலால் மாட்டின் நோய்கள் மனிதருக்குத் தொற்றலாம். கடைந்த பின் மிஞ்சும் மோரைக் கொட்டிவிடாதீர்கள். கொழுப்பு நீங்கி, புரதமும் கல்சியமும் தங்கிய பானம் அது. பாட்டிக்கு மோர், பேரனுக்கு வெண்ணெய் என்று ஒரே சட்டிப் பாலிலிருந்து இருவருக்கும் பங்கு கிடைக்கும். உப்பைக் கிள்ளிப் போட்டு, கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் கடைச் சோடா எதற்கு?

இறுதியாக, மாடு வைத்திருக்கும் குடும்பங்களிடம் ஒன்று கேட்கிறோம். விடிய எழும்பிக் கறந்த பால் முழுவதையும் சேகரிப்பு நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, அதே பணத்தில் மாஜரினும் பிஸ்கட்டும் வாங்கி வரும் வீடுகளை நாம் பார்க்கிறோம். கடன் இருக்கிறது, பள்ளிச் செலவு இருக்கிறது என்பதை நாம் அறிவோம். விற்கத்தான் வேண்டும். ஆனால் தினமும் ஒரு போத்தல் பாலையாவது பிள்ளைகளின் பங்காக ஒதுக்கிவிட்டு மிகுதியை விற்கக் கூடாதா? அந்தப் போத்தலின் விலையையும், அதற்குப் பதிலாகக் கடையில் கொடுக்கும் விலையையும் ஒருநாள் கொப்பியில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கணக்கு உங்களுக்கே வழி சொல்லும்.

அந்தத் தாயிடம் நாம் மீண்டும் போய் இவற்றைச் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப மாமிக்கு ஒரு சமையல், பெடியனுக்கு ஒரு சமையல் எண்டு ரெண்டு உலை வைக்கேலுமே சுவாமி?” என்றார். வேண்டாம். ஒரே உலை போதும். சமையலை எண்ணெய் குறைத்துச் சமையுங்கள். பிள்ளையின் கோப்பையில் மட்டும் கடைசியில் ஒரு கரண்டியைச் சேருங்கள். “கொழுப்பைத் தவிர்ப்போம்” என்ற எமது பழைய துண்டுப்பிரசுரம் இன்னும் உங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தால், அதைக் கழற்றிவிடுங்கள்.